போடிமெட்டு வழியாகப் போன அடிமைக் கோடு

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த அரசியல் வகுப்பில் நம் மாவட்டக் குழுத் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். நீளமான பதிவுதான். நிதானமாகப் படியுங்கள், மலைக்குப் போகும் தோழர்களுக்குப் பகிருங்கள்.

தோழர்களே, தாய்மார்களே, வேலை முடிஞ்சு ஜீப்பை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற ஏலத்தோட்டத் தொழிலாளர்களே, வணக்கம்.

நோட்டீஸைப் பார்த்துட்டு ஒரு தம்பி கேட்டார். "அண்ணே, அமெரிக்காவுல அடிமை மாநிலம், சுதந்திர மாநிலம்னு சண்டை போட்டுக்கிட்டதை போடியில எதுக்குப் பேசணும்?" நியாயமான கேள்வி. காரணம் இருக்கு. அந்தச் சண்டை நடந்த அதே காலத்தில், நீங்க தினமும் தாண்டிப் போற போடிமெட்டு வழியாகவும் அப்படி ஒரு கோடு போனது. ஒரு பக்கம் மனிதனை மனிதன் சொத்தாக வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. இன்னொரு பக்கம் இடம் தரவில்லை. பன்னிரண்டு வருஷம் அப்படி இருந்தது. நம்ம பாடப் புத்தகத்தில் இது இல்லை.

முதலில் அமெரிக்காவைச் சுருக்கமாகப் பார்த்துடுவோம்.

அந்த நாட்டு மேலவையில் மாநிலம் பெருசோ சிறுசோ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு உறுப்பினர். ஆகவே அடிமை மாநிலங்களும் அடிமையில்லாத மாநிலங்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்கும்வரை அடிமை முறையைச் சட்டத்தால் தொட முடியாது. 1819-ல் இந்தப் பக்கம் 11, அந்தப் பக்கம் 11. அப்போது மிசூரி என்ற பகுதி தன்னை அடிமை மாநிலமாகச் சேர்க்கச் சொல்லி வந்து நின்றது. தராசு சாயும் அல்லவா? 1820-ல் ஒரு பேரம் பேசினார்கள். மிசூரி அந்தப் பக்கம், வடகிழக்கில் மேய்ன் இந்தப் பக்கம். மற்றபடி மேற்கே உள்ள பூமியில் 36 பாகை 30 கலை என்று ஒரு கோடு கிழித்து, அதற்கு வடக்கே அடிமை கிடையாது என்றார்கள்.

பருத்தி முதலாளிக்கு அது போதவில்லை. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் மண் சாகும், இது நமக்குத் தெரிந்த விஷயம். அவருக்குப் புது நிலம் வேண்டும், மேலவையில் புது ஓட்டும் வேண்டும். 1845-ல் டெக்சாஸைச் சேர்த்தார்கள். 1846-ல் மெக்சிகோவோடு போர் தொடங்கி, 1848-ல் பாதி நாட்டையே பிடுங்கினார்கள். பிடித்த நிலம் எந்தக் கணக்கில் சேரும் என்பதில்தான் உள்வீட்டுச் சண்டை. 1850-ல் கலிபோர்னியா அடிமையில்லாத மாநிலமாகச் சேர்ந்ததும் சமநிலை போச்சு. 1854-ல் கான்சஸில் குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். ஓட்டுப் போடுவதற்கென்றே துப்பாக்கியோடு ஆட்கள் எல்லை தாண்டி வந்து இறங்கினார்கள். 1857-ல் உச்ச நீதிமன்றம், கறுப்பினத்தவர் அந்நாட்டுக் குடிமக்களே ஆக முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 1861-ல் போர் வந்தது. 1865-ல் முடிந்தது.

இதில் ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். அவர்கள் அரசியல் சட்டத்தில், கீழவைக்கு எத்தனை இடம் என்று தலையெண்ணும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அந்த மூன்று பேருக்கும் ஓட்டு கிடையாது, பேச்சு கிடையாது. அவர்கள் தலையைக் காட்டி இடம் வாங்கிக்கொண்டது எஜமான். எண்ணிக்கையில் மனிதன், சந்தையில் மாடு. இந்தக் கணக்குக்குத் திரும்ப வருவேன்.

இப்போ நம்ம மலைக்கு வருவோம்.

1843-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஐந்தாம் சட்டம் என்று ஒன்று வந்தது. அடிமை என்று சொல்லி ஒருவர் மேல் சொத்துரிமை கோரினால் கோர்ட் அதை ஏற்காது என்றது. வரி பாக்கிக்காகவோ குத்தகை பாக்கிக்காகவோ எந்த அரசு அதிகாரியும் மனிதரை அடிமை என்று விற்கக் கூடாது என்றது. அப்படியானால் அதுவரை விற்றிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? மதுரை ஜில்லா கம்பெனி ஆட்சியில் இருந்தது. அதனால் மெட்டுக்குக் கிழக்கே, நம்ம பக்கம், அந்தச் சட்டம் செல்லும்.

மெட்டுக்கு மேற்கே திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே செல்லாது. அங்கே 1836-ல் எடுத்த கணக்கில் அடிமைகள் மட்டும் 1,64,864 பேர். மொத்த ஜனத்தொகை பன்னிரண்டே முக்கால் லட்சத்துச் சொச்சம். ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர். பெரும்பாலும் புலையர், பறையர். நிலத்தோடு சேர்த்து விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விடலாம். 1812-ல் ராணி கௌரி லட்சுமிபாய் அடிமை வியாபாரத்துக்குத் தடை போட்டார். ஆனால் வயல் வேலை அடிமைகளுக்கு அந்தத் தடை பொருந்தாது. ஊரில் இருந்த அடிமைகளில் பெரும்பகுதி வயல் வேலை அடிமைகள்தான்! யாருக்குத் தேவையோ அவர்களை விட்டுவிட்டுச் சட்டம் போடுவது அப்போதே பழக்கம்.

1847-ல் பாதிரிமார்கள் மகாராஜாவுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். பக்கத்து மதராஸ் மாகாணத்தில் இல்லாத வழக்கம் இங்கே மட்டும் ஏன் என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்தது. 1853-ல் அரசாங்க அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் விடுதலை. 1855 ஜூன் 24-ல்தான் முழு ஒழிப்புப் பிரகடனம். 1843-லிருந்து 1855 வரை, இந்த மலை முகடுதான் கோடு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். அந்தக் காலத்தில் ஏலமலையில் அடிமைச் சந்தை நடந்தது என்று நான் சொல்லவில்லை. மலையில் இருந்தவர்கள் மன்னான், முதுவான் போன்ற பழங்குடி மக்கள். அடிமைகள் அடைபட்டுக் கிடந்தது கீழே, நெல் வயல்களில். அதேபோல, நம்ம பக்கம் 1843-லேயே விடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். சட்டம் வந்ததைப் படியாளிடம் போய் யார் சொன்னது? பண்ணையாரா சொல்லுவார்? அடிமை வைத்திருப்பதே குற்றம் என்று ஆனது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862-க்குப் பிறகுதான். மேற்கே "அடிமை" என்ற பெயர் இருந்தது. கிழக்கே "படியாள்" என்ற பெயர் இருந்தது.

அமெரிக்காவில் நடந்த விடுதலை நம்ம ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. புனேயில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, நீக்ரோ அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் அர்ப்பணித்தார். குலாம்கிரி என்றால் அடிமைத்தனம். தூரத்தில் நடந்ததை நம்ம ஊர் விஷயமாகப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை, தம்பி.

சரி, கோடு அழிந்த பிறகு என்ன நடந்தது? நில விரிவாக்கம் அதற்குப் பிறகுதான் இங்கே வேகம் பிடித்தது.

1877 ஜூலை 11. ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். அது எந்த வருஷம் என்று பாருங்கள். கீழே, மதராஸ் மாகாணம் முழுக்கத் தாது வருஷப் பஞ்சம். மேலே காடு கைமாறுகிறது, கீழே ஜனம் கஞ்சிக்கு அலைகிறது. காபி போட்டார்கள், சிங்கோனா போட்டார்கள், கடைசியில் தேயிலை நின்றது. இங்கே ஏலக்காடு விரிந்தது. நிலம் கிடைத்தது, ஆனால் வேலைக்கு ஆள்? ஆள் எல்லாம் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனது. போடி வழியாகப் போனது. தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயிலும் வந்தது. பெட்டி இறங்கிய பாதையில்தான் ஆள் ஏறியது.

ஆளை ஏற்றியவர் கண்காணி. எப்படி ஏற்றினார்? முன்பணம் கொடுத்து. கல்யாணத்துக்கு, சாவுக்கு, பஞ்சத்துக்கு ஒரு தொகை. அந்தக் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு இறங்கக் கூடாது. கணக்கு வருஷக் கடைசியில் முடிப்பார்கள். அரிசிக்குப் பிடித்தம், கம்பளிக்குப் பிடித்தம், வராத நாளுக்குப் பிடித்தம். கூட்டிக் கழித்தால் கடன் அப்படியே நிற்கும்.

இது வெறும் கொடுக்கல் வாங்கல் என்றால் ஒருவர் ஓடிவந்திருக்கலாம். கடன்காரனுக்கு சிவில் கோர்ட்தானே? அங்கேதான் தந்திரம். 1859-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் பதின்மூன்றாம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலையை விட்டுப் போனால் அது குற்றம், மாஜிஸ்திரேட் ஜெயிலுக்கு அனுப்பலாம். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அந்தச் சட்டத்தில் ஜெயில் இல்லை, அது வேற கதை. திருவிதாங்கூர் 1865-ல் இதேபோல ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. அடிமை ஒழிப்புப் பிரகடனத்துக்குப் பத்தே வருஷம் கழித்து!

அதே 1865-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது? பதின்மூன்றாம் திருத்தம். அடிமை முறை ஒழிந்தது, ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் விதிவிலக்கு. உடனே தென் மாநிலங்கள் வேலையில்லாமல் நடமாடுவதையே குற்றமாக்கி, விடுதலையான மனிதனைப் பிடித்து மறுபடி பருத்திக் காட்டுக்கு அனுப்பின. இரண்டு இடத்திலும் ஒரே சூத்திரம். அடிமை என்ற சொல்லை எடுத்துவிடு, குற்றவாளி என்ற சொல்லைப் போடு. நம்ம 1859 சட்டம் ரத்தாகி ஓய 1926 ஆனது.

தமிழ்நாட்டுத் தோழர்கள் சிலர் இந்த இடத்தில் ஒரு தப்பு முடிவுக்குப் போவார்கள். "மலையாளத்தான் ராஜ்யம், அதான் இப்படி" என்று. இல்லை. வால்பாறை எப்போதும் நம்ம எல்லைக்குள்தான் இருந்தது. அங்கே டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ' நாவலைப் படியுங்கள். தமிழில் 'எரியும் பனிக்காடு'. 'பரதேசி' படம் பார்த்தீர்களே, அதற்கு அடிப்படை அதுதான். அதே கண்காணி, அதே முன்பணம், அதே சாவு. அந்தப் பக்கம் அய்யன்காளி 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கி, புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வயல் வேலையையே நிறுத்தச் சொன்னார். போராட்டம் அங்கேயும் இருந்தது, கொடுமை இங்கேயும் இருந்தது.

இப்போ அந்தத் தலைக் கணக்குக்கு வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். 1952 தேர்தலில் 108 இடத்தில் காங்கிரசுக்கு 44. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு 8. அந்த எட்டுப் பேர் ஆதரவில்தான் ஏ. ஜே. ஜான் மந்திரிசபை நின்றது. தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பது நேசமணி தலைமையிலான அந்த இயக்கத்தின் கோரிக்கை. 1953-ல் ஆதரவை எடுத்தார்கள், மந்திரிசபை விழுந்தது. எல்லை எங்கே என்ற சண்டையும் சட்டசபையில் எத்தனை தலை என்ற சண்டையும் இங்கேயும் ஒன்றாகத்தான் பின்னிக்கிடந்தன.

பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் வந்தது. 1955-ல் அறிக்கை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை நம்ம பக்கம் என்றது. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கே என்றது. தேவிகுளத்தில் தமிழ் பேசுகிறவர்கள்தான் பெரும்பான்மை. அதற்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம் என்ன தெரியுமா? இவர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிற கூட்டம், நிலையான குடி இல்லை என்பது. மூன்று தலைமுறையாக லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்கள் வந்து போகிற கூட்டம்! தேயிலைக்கு அவர்கள் நிரந்தரம். கணக்குக்கு அவர்கள் தற்காலிகம்.

அமெரிக்காவில் ஓட்டில்லாதவனை எண்ணி எஜமானுக்கு இடம் கொடுத்தார்கள். இங்கே ஓட்டுள்ளவரை, மண் யாருக்கு என்று பேசும்போது எண்ணாமல் விட்டார்கள். 1956 நவம்பர் 1 முதல் அந்த எல்லைதான் எல்லை.

ஆனால் பாருங்கள், இரண்டே வருஷத்தில் அதே தலைகள் திருவனந்தபுரத்துக்குத் தேவைப்பட்டன. 1957-ல் கேரளத்தில் முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபை. 126 இடத்தில் 60, கூட ஐந்து சுயேச்சைகள். நூலிழை. தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்த தேர்தல் செல்லாது என்று ஆகி, 1958-ல் இடைத்தேர்தல். நாடே பார்த்த தேர்தல் அது. நம்ம பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிப் போய் லயம் லயமாகப் பாடினார். இளையராஜாவின் அண்ணன்தான். தோட்டத் தொழிலாளிகள் போட்ட ஓட்டில் ரோசம்மா மறுபடி ஜெயித்தார். ஒரு மந்திரிசபையின் மூச்சு அந்த "வந்து போகிற கூட்டத்தின்" கையில் இருந்தது.

எல்லையை மறுபடி வரையச் சொல்லி நான் இங்கே பேச வரவில்லை. அந்தப் பேச்சில் கைதட்டு நிறைய வாங்கலாம். அரசியல் சட்டம் மூன்றாம் பிரிவுப்படி எல்லையை மாற்ற நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் போதும் என்பதும் உண்மை. ஆனால் உங்களுக்குக் கூலி எவ்வளவு, ஜீப் கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தக் கைதட்டில் பதில் இல்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறுகிறீர்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் இறங்குகிறீர்கள். அந்த மாநிலத்துக்கு நீங்கள் அவர்கள் ஊர் ஆள் இல்லை. இந்த மாநிலத்துக்கு உங்கள் வேலை இங்கே இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பதற்றம் வந்தபோது தோட்டத்தை விட்டுக் குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்களே, அணைக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? 2020 ஊரடங்கில் பாஸ் இல்லாமல் செக்போஸ்ட் தாண்ட முடியாமல் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை? அதே ஆகஸ்டில் பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. எழுபது உயிர். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்.

மூணாறுப் பெண்கள் 2015-ல் காட்டியதையும் சொல்லணும். பெரிய சங்கங்களைத் தள்ளிவைத்துவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்று ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள், போனஸாகவும் கருணைத் தொகையாகவும் அந்த 20 வந்து சேர்ந்தது. அவர்கள் லயத்தில் ஒன்றாக இருப்பவர்கள், ஒன்று கூட முடிந்தது. நீங்கள் ஜீப் ஜீப்பாகப் பிரிந்து போகிறவர்கள். உங்களை ஒன்று சேர்ப்பது கஷ்டம், அதை நாங்கள் உணர்ந்தே இருக்கிறோம்.

முன்பணம் வாங்கியிருக்கிற அம்மாக்கள் கவனியுங்கள். 1976 கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனை அடியோடு ரத்து செய்கிறது. கடனைக் காட்டி "வேற தோட்டத்துக்குப் போகாதே" என்று யாராவது தடுத்தால் அதுதான் கொத்தடிமை. 1859 இப்போ இல்லை. போலீஸைக் காட்டி மிரட்டினால் பயப்பட வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்கிறேன். இப்போ ஏலத்தோட்டத்துக்கு ஜார்க்கண்ட், அசாம், வங்காளத்திலிருந்து ஆள் வருகிறார்கள். "வடக்கத்திக்காரன் வந்து நம்ம கூலியைக் குறைச்சுட்டான்" என்று ஜீப்பில் பேசிக்கொள்கிறீர்கள். நானும் கேட்டேன். அமெரிக்காவில் ஆரிகன் என்று ஒரு பகுதி. 1857-ல் அரசியல் சட்டம் எழுதினார்கள். அடிமை முறை கூடாது என்று எழுதினார்கள். கூடவே, கறுப்பினத்தவர் புதிதாக வந்து குடியேறவும் கூடாது என்று எழுதினார்கள். "சுதந்திர மாநிலம்" என்றுதான் அதற்குப் பெயர். அடிமைத்தனம் வேண்டாம், ஆனால் அடிமையும் வேண்டாம்! அந்த ஜார்க்கண்ட் பையனை இன்று நீங்கள் சொல்வது, 1955-ல் உங்கள் பாட்டனைச் சொன்னதுதான். வந்து போகிற கூட்டம். அவனுக்குக் குறைந்த கூலி கொடுக்க முடிகிறவரை உங்களுக்கும் கூட்டிக் கொடுக்க மாட்டார்கள். அவன் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், உங்கள் பெயரும் ஏற வேண்டும்.

பதிவேடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் எடுத்துப் போட்ட காய் ஸ்டோரில் காய்ந்து மூட்டையாகி, போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்துக்கு வருகிறது. ஒவ்வொரு லாட்டுக்கும் நம்பர் இருக்கு, எடை இருக்கு, விலை இருக்கு. எந்த மாநிலத்துக் காய் என்று அங்கே யாரும் தடுப்பதில்லை. அந்தக் காயை எடுத்த கைக்கு மட்டும் எந்த மாநிலத்திலும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இரண்டு மாநிலத் தொழிலாளர் துறையும் ஒன்றாக உட்கார்ந்து, தினமும் எல்லை தாண்டுகிறவர்களுக்கு என்று பொதுப் பதிவேடு வைக்கணும். எந்தத் தோட்டம், எந்த ஜீப், எந்த நாள், எவ்வளவு கூலி, எவ்வளவு முன்பணம். விபத்து நடந்தால் இழப்பீடு கேட்க அந்த ஒரு தாள் போதும்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நம்ம தோழர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆதார் நகல் ஒன்று, தோட்டத்தின் பெயர், ஜீப் நம்பர், முன்பணம் வாங்கியிருந்தால் தொகையும் தேதியும், இவ்வளவு போதும். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்வோம். உங்கள் தோட்டத்தில் வேலை பார்க்கிற வடமாநிலத் தோழர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள். இந்தி தெரிந்த தோழர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம்.

டீ வந்திருக்கு. கேள்வி இருக்கிறவர்கள் குடித்துக்கொண்டே கேளுங்கள்.